விளைபொருள் வண்டி வாங்கப் போறீங்களா? கியரா, ஆட்டோமேட்டிக்கா?

புதுச்சேரியைச் சுற்றி இயற்கை விவசாயம் செய்யும் நண்பர்கள் கூடும் இடங்களில் இப்போ ஒரு கேள்வி அடிக்கடி வருது. "குழுவாச் சேர்ந்து ஒரு டீசல் பிக்கப் வாங்கலாம்னு இருக்கோம். மேனுவல் வாங்கலாமா, ஆட்டோமேட்டிக் வாங்கலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவங்க. முழங்கால் வலி ஒரு பக்கம், டவுன் நெரிசல் இன்னொரு பக்கம். வங்கியில் பல வருஷம் வாகனக் கடன் மனுக்களைப் பார்த்தவன், இப்போ சொந்த விளைச்சலை ஏற்றி இறக்குபவன் என்பதால் என்னிடமும் கேட்கிறாங்க. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சொந்த வண்டி நமக்கு ஏன் வேணும்? கீரையும் வெண்டையும் விடியற்காலையில் பெரிய மார்க்கெட் வந்து சேர்ந்தால்தான் விலை. வாடகை வண்டியை நம்பினால், வண்டிக்காரருக்கு எப்போ ஒழியுதோ அப்போதான் நமக்கு அறுவடை. வண்டியை அனுப்புவதே வியாபாரி என்றால் விலையும் அவர் வைத்ததுதான். வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தவர் நம்மாழ்வார் ஐயா. உரத்தையும் மருந்தையும் விட்டுவிட்ட நம்மில் பலருக்கு இன்றைக்கு வெளியே போகும் பெரிய செலவு வண்டிச் செலவு. அதனால் கியர் விஷயத்தை வசதி என்று மட்டும் பார்க்க முடியாது. சந்தைக்கு நாமே போவோமா மாட்டோமா என்பது இதில் அடங்கியிருக்கு.

எடைக் கணக்கை முதலில் போடுங்க

ரசாயன விவசாயிக்கு 45 கிலோ யூரியா மூட்டையை டிவிஎஸ் 50-இல் வைத்துக் கொண்டுவந்தால் போதும். நமக்கு அப்படி இல்லை. தொழுவுரம் எக்டேருக்கு 12.5 டன் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரை. ஏக்கருக்கு 5 டன் ஆகுது. வீட்டில் மாடு குறைவாக இருந்தால் எரு வெளியிலிருந்து வரணும். அதோடு புண்ணாக்கு, வைக்கோல் கட்டு, பஞ்சகவ்யக் கேன்கள், அறுவடை ஆனால் நெல் மூட்டை.

1.3 டன் ஏற்றும் வண்டி என்றால் ஏக்கருக்கு எரு 4 நடை. அரை டன் ஏற்றும் வண்டி என்றால் 10 நடை. எட்டுக் குடும்பம், ஆளுக்கு 2 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் 16 ஏக்கருக்கு 80 டன். முதல் வண்டிக்கு 62 நடை, இரண்டாவது வண்டிக்கு 160 நடை. இந்த எண்களை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிங்க. முடிவு பெரும்பாலும் இங்கேதான் இருக்கு.

இரண்டும் எப்படி வேலை செய்யுது

மேனுவல் வண்டியில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் கிளட்ச் தட்டு இருக்கு. இடது காலால் மிதித்தால் தொடர்பு விடும், எடுத்தால் பிடிக்கும். பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இருக்கும் நிலைதான் ஹாஃப் கிளட்ச். அந்த நேரத்தில் தட்டு உரசிச் சூடாகுது, தேயுது. லோடோடு களிமண் வரப்பில் ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் கருகல் வாடை அதுதான்.

முழு ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தட்டுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர் என்ற சாதனம் இருக்கு. ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, எதிரே ஓடாத இன்னொரு ஃபேனை வைத்தால் அதுவும் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும் இல்லையா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். என்ஜின் ஒரு விசிறியைச் சுற்ற, எண்ணெய் போய் எதிர் விசிறியைத் தள்ளுது. வண்டி நின்றாலும் என்ஜின் அணையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 1940 மாடலிலேயே இப்படிப்பட்ட முழு ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது.

மூன்றாவது வகை ஏஎம்டி. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலெரியோ காரில் வந்து பரவியது. உள்ளே இருப்பது மேனுவல் பெட்டியேதான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஓட்டுநருக்குப் பதில் ஒரு இயந்திரம் செய்யுது. கார் விற்பவர் "ஆட்டோமேட்டிக்" என்று சொன்னால் இதில் எது என்று கேளுங்க. தேய்மானமும் பழுதுச் செலவும் வேறு வேறு.

"ஆட்டோமேட்டிக் லோடு இழுக்காது" என்பது உண்மையா?

டீக்கடைப் பேச்சில் இதைத்தான் முதலில் சொல்லுவாங்க. உண்மை வேறு. வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் டார்க் கன்வெர்ட்டர் என்ஜினின் சுழல்விசையைப் பெருக்கித் தருது. லோடு வண்டிக்கு அந்த நேரத்தில்தான் விசை அதிகம் வேணும். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் ஒரே 2.8 லிட்டர் டீசல் என்ஜின்தான். மேனுவலில் அதன் சுழல்விசை 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. நிறுவனமே கொடுக்கும் எண்கள் இவை. அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப்களில் கடைசியாக மேனுவல் கொடுத்துவந்த ராம் நிறுவனமும் 2018 மாடலோடு அதை நிறுத்திவிட்டது. அங்கே குதிரை டிரெய்லரையும் வைக்கோல் டிரெய்லரையும் ஆட்டோமேட்டிக்தான் இழுக்குது.

டீசல் அதிகம் குடிக்கும் என்பது பழைய வண்டிகளுக்குப் பொருந்தும். எண்ணெய் வழுக்கலில் கொஞ்சம் சக்தி வீணாவது உண்மை. இப்போ வரும் பெட்டிகளில், வேகம் பிடித்ததும் இரண்டு விசிறியையும் ஒன்றாகப் பூட்டிவிடும் ஏற்பாடு இருக்கு. அதனால் வித்தியாசம் சுருங்கிவிட்டது.

ஆகவே பொறியியல் கண்ணோடு பார்த்தால் ஆட்டோமேட்டிக் லோடுக்கு ஏற்றதுதான். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கு.

கடையில் என்ன கிடைக்குது?

இந்தியச் சந்தையில் உழவர் வாங்கும் டீசல் லோடு வண்டிகளை வரிசையா எடுத்துப் பாருங்க. மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா, டாடா இன்ட்ரா, ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த். எல்லாமே 5 கியர் மேனுவல். 1.3 டன், 1.5 டன், 1.7 டன் என்று எடைக்கு ஏற்ப மாடல் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வேணும் என்று கேட்டாலும் இவற்றில் கிடையாது.

டீசல் பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் என்று தேடினால் நம் சாலையில் பார்ப்பது இரண்டு. ஒன்று ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ். மற்றொன்று 2022-இல் இங்கே வந்த ஹைலக்ஸ். இரண்டிலும் 6 கியர் ஆட்டோமேட்டிக் உண்டு. ஐந்து பேர் உட்கார்ந்து போகலாம், வெள்ளை நம்பர் பலகையோடு சொந்த வண்டியாகப் பதிவு செய்யலாம். பின்னால் தொட்டியும் இருக்கு. ஆனா ஹைலக்ஸில் ஏற்ற அனுமதிக்கும் எடை அரை டன்னை ஒட்டித்தான். வி-கிராஸும் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவரை மனசில் வைத்துச் செய்த வண்டி. மேலே போட்ட 160 நடைக் கணக்கு இங்கேதான் வந்து இடிக்குது.

ஆக, நமக்குத் தெரிவு ஒரே வண்டியின் இரண்டு கியர் வகைகளுக்கு நடுவில் இல்லை. எடை ஏற்றும் வண்டி ஒன்று, கால் வலிக்காத வண்டி ஒன்று. இரண்டும் தனித்தனி வண்டிகள்.

முழங்காலின் மாதத் தவணை

இப்போ பழைய தொழில் புத்தியோடு ஒரு கணக்கு. மேனுவல் லோடு பிக்கப் சுமார் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோமேட்டிக் பிக்கப், சாலையில் இறக்கும்போது சுமார் 28 லட்சம். வித்தியாசம் 18 லட்சம். 10 சதவீத வட்டி, 5 வருஷக் கடன் என்றால் அந்த 18 லட்சத்துக்கு மட்டும் மாதத் தவணை ஏறக்குறைய 38,000 ரூபாய்.

இடது காலுக்கு ஓய்வு கொடுக்க மாதம் 38,000! அந்தப் பணத்தில் நம்ம பக்கத்தில் ஒரு முழுநேர டிரைவருக்குச் சம்பளம், பேட்டா இரண்டும் கொடுத்துவிட்டு மீதியும் வைக்கலாம். ஊர்ப் பையன் ஒருவனுக்கு வேலையும் ஆச்சு.

மேனுவல் வண்டிக்கு முழு 10 லட்சமும் கடன் வாங்கினாலும் தவணை 21,250 ரூபாய்க்குள். எட்டுக் குடும்பம் பகிர்ந்தால் ஆளுக்கு மாதம் 2,700-ஐத் தாண்டாது. இதை இப்போ வாடகை வண்டிக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்க.

கடன் கேட்கப் போகும்போது ஒரு விஷயம். நான் வேலையில் இருந்த காலத்து ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைகளில், விளைபொருள் ஏற்றும் பிக்கப் வேனும் மாட்டு வண்டியும் வேளாண் கடன் பட்டியலில் பெயர் சொல்லியே இருந்தன. இன்றைய விதிப்படி உங்க கிளை இதை வேளாண் கடனாகத் தருமா, வணிக வாகனக் கடனாகத் தருமா என்று எழுத்தில் கேட்டு, வட்டியை ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கு. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏற்காதீங்க.

ஓட்டப் போவது யார்?

கணக்கு இப்படி மேனுவல் பக்கம் சாய்ந்தாலும் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிட முடியாது. தவளக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை வழியா ஏஎஃப்டி ரயில்வே கேட் தாண்டி பெரிய மார்க்கெட் வரை, காலை எட்டரை மணிக்கு லோடோடு வந்தபோது ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். கிளட்சை மிதித்தது நூற்று நாற்பது தடவைக்கு மேல். கேட் மூடியிருந்தால் இன்னும் கூடும். அறுபதைத் தாண்டிய முழங்காலுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, நம் வீட்டுப் பெண்கள். களை எடுப்பது, பறிப்பது, தரம் பிரிப்பது, கட்டுக் கட்டுவது எல்லாம் அவங்க. வண்டியில் ஏறியதும் ஓட்டுபவர் ஆம்பளை. காசை வாங்கி வருபவரும் அவரே. இது எப்படி மாறும் என்று யோசித்தால், கியர் இல்லாத வண்டியின் வரலாறு நினைவுக்கு வருது.

உழவனுக்கு ஆட்டோமேட்டிக் புதுசு இல்லீங்க. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-க்குக் கிளட்ச் பிடியே கிடையாது. வேகம் கூடினால் தானே பிடிக்கும் கிளட்ச். பால் கேன், புல்லுக்கட்டு, காய்கறி மூட்டை, கோழிக்கூண்டு என்று அது ஏற்றாத லோடு இல்லை. அதன் பிறகு 1980-களில் கைனடிக் ஹோண்டா, 90-களில் ஸ்கூட்டி என்று கியரில்லா ஸ்கூட்டர்கள் வந்தன. அதற்கப்புறம்தான் நம்ம ஊர்த் தெருக்களில் பெண்கள் கூட்டம் கூட்டமா வண்டி ஓட்டத் தொடங்கினாங்க. தமிழக அரசு 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்த திட்டத்திலும் கியரில்லா வண்டிகளுக்கே இடம். கிளட்சை எடுத்துவிட்டால் ஓட்டுபவர் எண்ணிக்கை கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்க குழுவில் ஐந்து பெண்கள் பிக்கப் ஓட்டக் கற்க வந்தாங்க. இரண்டு பேர் தேறி இப்போ சந்தைக்குப் போறாங்க. மற்ற மூன்று பேரும் ஸ்கூட்டர் நன்றாக ஓட்டுபவர்களே. "கிளட்ச் இல்லாம ஒரு வண்டி வரட்டும் அண்ணா, அப்போ ஓட்டறோம்" என்று சொல்லிவிட்டாங்க. பயம் என்று இதை ஒதுக்க எனக்கு மனசில்லை. வண்டியை வடிவமைத்தவர் அவங்களை மனசில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி மின்சாரக் குட்டி யானை. 2005-இல் வந்த டாடா ஏஸின் மின்சார வகை 2022-இல் வெளியாச்சு. முதலில் வந்த மாடல் ஏற்றும் எடை 600 கிலோ, சான்றளித்த ஓட்டத் தூரம் ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர். லோடோடு போனால் அதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும். மின் மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு விசை இருப்பதால் கிளட்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. எரு ஏற்ற இது போதாது. ஆனா மார்க்கெட், லாஸ்பேட்டை, ஆரோவில் என்று டவுனைச் சுற்றிக் காய்கறிக் கூடை இறக்கும் வேலைக்குச் சரியா இருக்கும்.

பழுது, வெள்ளம், பட்டறை

மேனுவல் வண்டியின் கிளட்ச் தட்டை வில்லியனூரிலோ பாகூரிலோ சாலையோரப் பட்டறையில் மாற்றிவிடலாம். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். முழு ஆட்டோமேட்டிக்கை அப்படித் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. நின்றுபோனால் ஓடும் சக்கரம் தரையில் படும்படி தூரம் இழுத்துப் போகவும் கூடாது. தூக்கி ஏற்றிப் போகணும். பெட்டியைப் பிரிக்க நிறுவனப் பணிமனைக்குத்தான் போகணும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்ததையும், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதியில் புகுந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். எந்தக் கியர் பெட்டிக்குள்ளும் தண்ணீர் போகக் கூடாது. போய்விட்டால் மேனுவலில் எண்ணெயை வடித்துச் சுத்தம் செய்து மாற்றிப் பிழைக்க வைக்க வாய்ப்பு அதிகம். ஆட்டோமேட்டிக்கில் அந்த எண்ணெய்தான் எல்லா வேலையும் செய்யுது. உள்ளே உராய்வுத் தகடுகளும் மின்னணு உறுப்புகளும் உண்டு. செலவு பல மடங்கு. எந்த வண்டியானாலும் தண்ணீரில் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. பட்டறைக்கு இழுத்துப் போங்க.

மேனுவல் வாங்கியவர் கிளட்சைக் காப்பாற்ற நாலு பழக்கம் போதும். லோடு இருந்தால் முதல் கியரிலேயே எடுங்க, இரண்டாவதில் வேண்டாம். ஓடும்போது காலைக் கிளட்ச் மேலே வைத்துக்கொள்ளாதீங்க. மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்காமல் கைப்பிரேக் போடுங்க. சாமை, தினை வாங்கக் கல்வராயன் மலைக்குப் போனால் இறக்கத்தில் நியூட்ரல் போடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்க.

காகிதங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 66-ஆம் பிரிவுப்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. வண்டி எடையும் லோடும் சேர்ந்ததுதான் மொத்த எடை. நமக்கு இது முக்கியம். புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. வயலிலிருந்து கிளம்பி ஒரே நாளில் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளும் கடலூர் மாவட்டத்துக்குள்ளும் நுழைந்து வெளியே வருவோம். சில மாடல்களை நிறுவனங்களே 3,000 கிலோவுக்குள் அடங்கும்படி செய்யுது. கால் டன் கூடுதலா ஏற்ற ஆசைப்பட்டுப் பெரிய மாடல் வாங்கினால், இரண்டு அரசுகளின் எல்லைக்கும் பெர்மிட் பார்க்கணும். ஆர்.சி.யில் வரப்போகும் மொத்த எடையை முன்கூட்டியே கேளுங்க.

உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, காருக்கு உரிமம் வாங்கிய நம் வீட்டுப் பெண்களும் பிக்கப் ஓட்டலாம்.

யாருக்கு எது?

எரு, நெல், வைக்கோல் ஏற்றும் குழுவுக்கு மேனுவல் லோடு பிக்கப். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாங்கும் முன் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீங்க. லோடு ஏற்றிய வண்டியை, நெரிசல் நேரத்தில், குழுவில் வயது மூத்தவரும் உயரம் குறைந்தவரும் ஓட்டிப் பார்க்கட்டும். கிளட்ச் கனமா இருக்கா, சீட்டை முன்னே இழுக்க முடியுதா என்று அவங்க சொல்லட்டும். குறைந்தது நாலு பேர் ஓட்டத் தெரிந்திருக்கணும். ஒரே ஆளிடம் சாவி இருந்தால் அது கூட்டு வண்டி இல்லை.

காலில் உண்மையான குறை இருந்து, லோடும் அரை டன்னுக்குள் என்றால், குடும்ப வண்டியும் அதுவே என்றால், கையில் பணமும் இருந்தால் ஆட்டோமேட்டிக் பிக்கப் வாங்குங்க. கடன் வாங்கி வாங்காதீங்க.

எங்க குழு 1.3 டன் மேனுவல் வண்டி ஒன்றைச் சேர்ந்து வாங்கி ஓட்டுது. வண்டியில் ஒரு நோட்டு இருக்கும். யார் எடுத்தாங்க, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு டீசல் என்று எழுதணும், மாசக் கடைசியில் கணக்குத் தீர்க்கணும். அடுத்தது மின்சாரக் குட்டி யானை. அதற்கு மாதாமாதம் தனியாச் சேமித்துட்டு வர்றோம். அதன் சாவி அந்த மூன்று பெண்களிடம்தான் இருக்கும் என்று கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாச்சு.

உங்க குழு வண்டி வாங்கியிருந்தால் உங்க எடைக் கணக்கையும் செலவுக் கணக்கையும் நம் இதழுக்கு எழுதுங்க. விலைப்பட்டியலை நிறுவனம் தரும். ஒரு கிலோ கத்தரிக்காய் சந்தைக்குப் போக எத்தனை பைசா ஆகுது என்று நாமதான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும்.